நாலு மணி வரை

ரைஸ் மில் கேட்டிலேயே நிறுத்திக் கணக்குப்பிள்ளை சொன்னார்:
"ஓனர் நெல்லூர் போயிருக்காரும்மா.
நாலு மணிக்கு வந்துடுவாரு."
நாங்கள் விற்பது சாக்கு.
மூன்று மாதமாய் இவர்கள் திருப்பித் தருவதும் அதுதான்.

போனில் முதலாளி:
"இருந்து வாங்கிக்கிட்டே வா ரோஸ்லின்."
அப்படித்தான் எனக்கு ஓர் ஊர் கிடைத்தது,
பத்து நாற்பதிலிருந்து நாலு வரைக்கும்.

வரும்போது ஐம்பத்தேழில்
"ஜெயிலு எறங்கு" என்று கண்டக்டர் கத்த
நாலு பேர் சாதாரணமாக இறங்கினார்கள்,
ஒருத்தி கையில் தூக்குவாளி.
நான் கடைசி நிறுத்தம்.
செங்குன்றம் என்று எத்தனை பில்லில் எழுதியிருப்பேன்!
பின்கோடு மனப்பாடம்.
ஊர் தெரியாது.

முதலில் வாசனைதான்.
வேகவைத்த நெல், பழைய துணி காய்வதுபோல.
சிமெண்ட் களத்தில் இரண்டு பெண்கள்
காலாலேயே நெல்லைக் கோடு கோடாகக் கிழித்து நடந்தார்கள்.
போய்த் திரும்பி, போய்த் திரும்பி.
மதில் இடைவெளியில் நின்று பார்த்தேன்.
"யாரு வோணும்?"
"யாரும் இல்ல. சும்மா ஊரைச் சுத்திப் பாக்கறேன்."
இருவரும் நின்றுவிட்டார்கள்.
"இங்க இன்னா கீது பாக்க?"
மற்றவள் யோசித்தாள்.
"ஏரி கீதே."

லாரி ஒர்க்‌ஷாப், ஆணி அடிக்கும் கடை, அடகுக்கடை,
பிறகு ஒரு சந்து,
சந்தின் முடிவில் புல் முளைத்த மேடு.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

இவ்வளவா.

எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.
தண்ணீருக்குள் ஒரு வட்டக் கோபுரம் காலை நனைத்தபடி.
ஒரு நீர்க்காகம் கல்மேல் ஏறி
நனைந்த பேரேட்டை வெயிலில் விரிப்பதுபோல
இறக்கை இரண்டையும் விரித்து
அப்படியே நின்றது.
காற்று என் துப்பட்டாவை ஆந்திரா பக்கமாக இழுத்தது.

அப்போதுதான் உறைத்தது.
கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்துக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை நாலு பத்துக்கு,
இருமிக்கொண்டு, காற்றைத் துப்பிக்கொண்டு
பதினெட்டுக் குடத்துக்கு வந்து போகிற ஆள்
இவ்வளவு பெரிய வீட்டிலா இருக்கிறார்?
ஒரு வார்த்தை சொன்னதில்லையே.
நாமும் கேட்டதில்லை.
சண்டை போட்டிருக்கிறோம்,
அவருக்காக ஒருமுறை என் பல்லே உடைந்திருக்கிறது.

"ஏம்மா, எறங்காத! குடிக்கிற தண்ணி!"
மேட்டின் மேலிருந்து காவலாள், கையில் குச்சி.
"தெரியும்ணே," என்றேன்,
"குடிக்கிறதே நான்தான்."
அவர் சிரிக்கவில்லை. குச்சியை மட்டும் கீழே இறக்கினார்.

போட்டோ எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்.
"எந்த ஊருக்கா? ஃபாரினா?"
"செங்குன்றம்."
அவள் அனுப்பியது மூன்று சிரிப்புப் பொம்மை.

மதியம் கெண்டைமீன் குழம்பு, தொண்ணூறு ரூபாய்,
கொஞ்சம் சேறு மணத்தது.
செலவு வவுச்சரில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
எழுதவில்லை.
திரும்பவும் மேட்டுக்குப் போனேன்.
என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
பகல் மூன்று மணிக்குத் தண்ணீர் ஒரு நிறம்,
மூன்றரைக்கு வேறு.
இதைப் பார்க்க யாரும் எனக்கு இதுவரை சம்பளம் தந்ததில்லை.

நாலுக்கு ஓனர் வந்தே விட்டார்.
முழுத்தொகைக்கும் செக், கையெழுத்து, தேதி, எல்லாம் சரி.
"உங்களைக் காக்க வச்சிட்டோம், ஸாரிம்மா."
செக்கை இரண்டு முறை படித்தேன்.
பாக்கி இல்லை.
இனி இந்த ஊருக்கு வர என்ன சாக்கு?

மறுநாள் எங்கள் முறை இல்லை.
அதற்கு மறுநாள், இருட்டில்,
குழாய் இருமியது.
"வந்திருந்தேன்" என்றேன் மெதுவாக,
பின்னால் பரிமளா அவசரப்படுத்த,
முதல் குடத்தை வைத்தேன்.